சொந்தமில்லாத மணலுக்குச் சொத்து வரியா? பென்சகோலா பீச் குத்தகைச் சண்டை

கரையோரம்:

வேறொரு இழையில் ஒருவர், "பென்சகோலா பீச்சில் வீடு வைத்திருப்பவன் எல்லாம் பணக்காரன், வரி கட்டினால் என்ன குறைந்துவிடும்?" என்று எழுதிவிட்டுப் போனார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசை மாறிவிடும். அதனால்தான் இந்தத் தனி இழை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஃபுளோரிடாவின் வடமேற்கு மூலையில், வளைகுடாவை ஒட்டி, நீளமாக ஒல்லியாகக் கிடக்கும் மணல் திட்டு சான்டா ரோசா தீவு. பென்சகோலா பீச் அதன் மேல்தான் இருக்கிறது. 1947-ல் நடுவண் அரசு தீவை எஸ்காம்பியா கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) எழுதிக் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. கவுண்டி அதைக் குத்தகைக்கு விடலாம், ஆனால் விற்கக் கூடாது. பொது நலனுக்காக வைத்திருக்க வேண்டும். அதனால் பீச்சில் இருக்கும் எவருக்கும் நிலம் சொந்தமில்லை. எல்லாரும் குத்தகைதாரர்கள், பெரும்பாலும் 99 வருடக் குத்தகை. கிழக்கே இருக்கும் நவார் பீச்சும் அதே கதைதான். அந்தப் பகுதியை எஸ்காம்பியா பக்கத்துச் சான்டா ரோசா கவுண்டிக்குக் குத்தகைக்கு விட்டது, அவர்கள் மக்களுக்கு உள்குத்தகை விட்டார்கள்.

இப்போது என் கேள்வி. நிலம் கவுண்டியுடையது. குத்தகைப் பணத்தை வாங்குவது கவுண்டியின் கீழ் உள்ள தீவு ஆணையம். அதே நிலத்துக்கு, நான் உரிமையாளன் என்று சொல்லி, சொத்து வரிச் சீட்டு அனுப்புவதும் அதே கவுண்டி. வாடகை கேட்கும்போது அவர் வீட்டுக்காரர், வரி கேட்கும்போது நான் வீட்டுக்காரன். இது எந்த ஊர் நியாயம்?

1950-களில் அங்கே என்ன இருந்தது? மணல், கொசு, புயல். ஆள் வரவேண்டும் என்பதற்காக வரி கிடையாது என்று சொல்லித்தான் அழைத்தார்கள். அப்போதைய மாநிலச் சட்டமும் அந்தக் குத்தகைகளுக்கு விலக்கு கொடுத்திருந்தது. நம்பி வந்தவன் கையிலிருந்து பிறகு பிடுங்கினார்கள்.

பாலத்துக்கு இந்தப்பக்கம்:

அந்த "ஒருவர்" நான்தான் அண்ணே. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

நான் பென்சகோலா ஊருக்குள் இருக்கிறேன். பழைய வீடு, மூன்று படுக்கையறை. கடலும் இல்லை, காற்றும் இல்லை. வரி மட்டும் ஒழுங்காக வருகிறது. பள்ளிக்கூடம், ஷெரிஃப், சாலை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறோம். உள்ளூர் அரசாங்கங்கள் பிழைப்பதே சொத்து வரியில்தான். ஒரு கூட்டம் அதிலிருந்து தப்பினால் அந்தச் சுமை என் தலையில் விழும்.

"நிலம் எனக்குச் சொந்தமில்லை" என்கிறீர்கள். சரி. அந்த வீட்டை விற்கிறீர்களா இல்லையா? விற்ற லாபம் யாருக்கு? வங்கி அதன் பேரில் கடன் கொடுக்கிறதா இல்லையா? பிள்ளைக்கு எழுதி வைக்கலாமா கூடாதா? கோடையில் வாரக்கணக்கில் வாடகைக்கு விட்டு வரும் பணத்தில் கவுண்டிக்குப் பங்கு கொடுக்கிறீர்களா? கடலைப் பார்த்த குத்தகை வீடு என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். வெறும் வாடகைக்காரன் கையெழுத்துக்கு யாராவது அவ்வளவு பணம் கொடுப்பார்களா?

சந்தேகம் சாமி:

கும்பகோணத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன். கேட்டால் நம்மூர் கோயில் அடிமனை மாதிரி இருக்கிறது. நிலம் சாமிக்கு, வீடு நமக்கு. அடிமனை வாடகை கோயிலுக்கு, வீட்டு வரி நகராட்சிக்கு. எங்கள் தெருவில் யாரும் இதை இரட்டை வரி என்று சொன்னதில்லையே?

கரையோரம்:

சாமி, உங்கள் தெருவில் வாடகை வாங்குவது கோயில், வரி வாங்குவது நகராட்சி. இரண்டு பேர். இங்கே இரண்டும் ஒரே கை. அதோடு, வீட்டுக்கு வரி என்றால் கூட ஓரளவு ஒத்துக்கொள்வேன். வீடு நான் கட்டியது. அடியில் இருக்கும் மணலுக்கும் சேர்த்து மதிப்புப் போட்டு வரி கேட்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

பாலம் தம்பிக்கு: விற்கலாம், கடன் வாங்கலாம், எல்லாம் சரி. ஆனால் பத்திரத்தைப் பாருங்கள். கட்டடம் எப்படி இருக்க வேண்டும், எதற்குப் பயன்படுத்தலாம், எல்லாவற்றுக்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். குத்தகைப் பணம் கட்டாவிட்டால் குத்தகையே ரத்து. உரிமையாளன் யாரிடமாவது மாதிரிப் படம் காட்டி அனுமதி கேட்டு, அதற்கு மேல் வாடகையும் கட்டுவானா?

பாலத்துக்கு இந்தப்பக்கம்:

கேட்பான். நான் என் வீட்டில் வேலி போடவே நகரத்திடம் அனுமதி வாங்கினேன். பணம் கட்டாவிட்டால் வங்கியும் என்னை வெளியே அனுப்பும்.

இன்னொன்று. 2004-ல் ஐவன் புயல், மறு வருடம் டென்னிஸ். கரை முழுக்க அரித்துப் போனது. கடலிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கரையை மறுபடி கட்டினார்கள். பொதுப் பணம். அந்த மணல் யார் வீட்டுக்கு முன்னால் காவல் நிற்கிறது?

கரையோரம்:

அந்தக் கரை எல்லாரும் வந்து குளிக்கும் பொதுக் கரை. காசினோ பீச்சில் ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்காது, அவ்வளவு பேரும் உங்கள் பக்கத்து ஆட்கள்தான். உயிர்காப்பாளர்கள் சம்பளம், குப்பை, கரையைச் சுத்தம் செய்வது எல்லாம் தீவு ஆணையத்தின் செலவு. அதற்கு வருமானம் எங்கிருந்து? குத்தகைப் பணத்திலிருந்து. கடைக்காரர்கள் மொத்த விற்பனையில் ஒரு சதவீதம் கட்டுகிறார்கள், லாபத்தில் அல்ல. நீங்கள் இலவசமாகக் குளிக்கிறீர்கள், நாங்கள் உயிர்காப்பாளரை வைக்கிறோம், அப்புறம் நாங்கள்தான் வரி ஏய்ப்பவர்கள்.

பழைய கணக்கு:

வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். இரண்டு பேரும் உணர்ச்சியில் போகிறீர்கள். இதில் நீதிமன்றம் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டது. கொஞ்சம் வரிசையாகச் சொல்கிறேன், நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரி இல்லை என்று வாக்குக் கொடுத்தார்கள் என்ற வாதம் 1970-களிலேயே போட்டுப் பார்த்துத் தோற்ற வாதம். 1971-ல் சட்டமன்றம் பழைய விலக்கை எடுத்துவிட்டு, அரசு நிலத்தைத் தனியார் தங்கள் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் வரி உண்டு என்றது. தீவுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1974, 1975 ஆண்டுகளில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. விலக்கு என்பது சட்டமன்றம் கொடுத்தது, சட்டமன்றமே எடுக்கலாம், கடற்கரையில் ஒருவர் குடியிருக்கும் வீடு பொதுப் பயன்பாடு ஆகாது என்பதுதான் சாரம். ஆகவே கரையோரம் சாரின் முதல் பதிவின் கடைசிப் பத்தியை மறந்துவிடலாம்.

ஆனால் அதோடு முடியவில்லை. 1980 வாக்கில் சட்டமன்றம் மறுபடி திரும்பியது. அரசு நிலத்தைக் குத்தகை எடுத்து வாடகை கட்டுகிறவருடைய குத்தகை உரிமையை நிலம்போல் பார்க்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத சொத்தாகப் பார்த்து அதற்குரிய சிறிய வரி போதும் என்றது. தீவுக்காரர்கள் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தது இதனால்தான். அதே சட்டப் பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது: புதுப்பிக்கும் வாய்ப்பைச் சேர்க்காமல், ஆரம்பத்திலேயே 100 வருடமோ அதற்கு மேலோ குத்தகை என்றால், அது சொந்தம் என்றே கொள்ளப்படும். 99-க்கும் 100-க்கும் நடுவே ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டுதான் குத்தகைதாரர்களின் வாதமே நின்றது.

பாலத்துக்கு இந்தப்பக்கம்:

அப்படியென்றால் 99 போட்டதே வரியிலிருந்து தப்பத்தானே!

பழைய கணக்கு:

இல்லை தம்பி. 99 வருடக் குத்தகைகள் இந்தச் சட்டத்துக்கு முன்னாலேயே எழுதப்பட்டவை. 99 என்பது ஆங்கிலேயர் வழிச் சட்டத்தில் பழைய எண். ஃபுளோரிடாவிலேயே, சொந்தக் குடியிருப்புக்குத் தரும் ஹோம்ஸ்டெட் வரிச்சலுகைக்கு 98 வருடம் அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகையை உரிமையாகவே ஏற்கிறார்கள். அதாவது சலுகை வாங்கும் இடத்தில் குத்தகைதாரர் உரிமையாளர்தான். கரையோரம் சார் இதைப் பற்றிப் பேசவே இல்லை, கவனித்தேன்.

கரையோரம்:

கவனியுங்கள், கவனியுங்கள். அந்தச் சலுகை அங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு மட்டும். ஹோம்ஸ்டெட் இருந்தால் மதிப்பீடு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது, உண்மை. பீச்சில் எத்தனையோ வீடுகள் இரண்டாவது வீடுகள், வாடகை வீடுகள். அவர்களுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது, 10 சதவீத உச்சவரம்புதான். அதுவும் பள்ளி வரிக்குப் பொருந்தாது.

சரி, 2014-ஐச் சொல்லுங்கள். நீங்கள் அங்கேதான் வருகிறீர்கள் என்று தெரிகிறது.

பழைய கணக்கு:

வருகிறேன்.

ஃபுளோரிடாவில் 1946-லிருந்தே ஒரு கோட்பாடு உண்டு, ஜாக்சன்வில் நகர வழக்கு ஒன்றில் வந்தது. பத்திரத்தில் அரசின் பெயர் இருந்தாலும், ஒரு சொத்தின் பயன் முழுவதும் பாரம் முழுவதும் இன்னொருவரிடம் இருந்தால், நியாயப்படி அவர்தான் உரிமையாளர், வரியும் அவருக்கே. கவுண்டி மதிப்பீட்டாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். "நாங்கள் குத்தகைக்கு வரி போடவில்லை. உங்களை உரிமையாளராகவே பார்த்து நிலத்துக்கும் கட்டடத்துக்கும் போடுகிறோம்" என்றார்கள். இந்த ஒரு திருப்பத்தில் 99, 100 என்ற கணக்கெல்லாம் பக்கத்தில் ஒதுங்கிவிட்டது.

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. நவார் பீச் வழக்கில், குத்தகை முடிய முடிய 99 வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்று பத்திரம் சொன்னதால், முடிவே இல்லாத குத்தகையும் சொந்தமும் ஒன்றுதான், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி உண்டு என்றது. பென்சகோலா பீச் வழக்கு கட்டடங்களைப் பற்றியது. அங்கே முடிவில்லாப் புதுப்பிப்பு இல்லாவிட்டாலும், கட்டடத்தின் ஆயுளே குத்தகைக் காலத்துக்குள் தீர்ந்துவிடும், எனவே கட்டடத்துக்கு நியாயப்படி உரிமையாளர் குத்தகைதாரர்தான் என்றது.

அப்புறம் 2016. இதுதான் எனக்குப் பிடித்த இடம். போர்ட்டோஃபினோ என்ற உயரமான கோபுர அடுக்குமாடிகளின் வழக்கு. மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இவர்கள் குத்தகை நிரந்தரமாகத் தானே நீண்டுகொண்டு போகும் வகை இல்லை, ஆகவே அடியில் இருக்கும் நிலத்துக்கு இவர்கள் உரிமையாளர் அல்ல என்றது. கட்டடத்துக்கு வரி, நிலத்துக்கு இல்லை.

விளைவைப் பாருங்கள். பழைய சிறிய மனைக்காரன், பத்திரத்தில் "என்றென்றும் புதுப்பிக்கலாம்" என்று தாராளமாக எழுதி வாங்கியவன், நிலத்துக்கும் கட்டுகிறான். கோபுரத்தில் இருப்பவன் நிலத்துக்குக் கட்டுவதில்லை. யார் நல்ல பத்திரம் வாங்கினானோ அவனுக்குத் தண்டனை.

பாலத்துக்கு இந்தப்பக்கம்:

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்டனை என்று ஏன் சொல்கிறீர்கள்? என்றென்றும் வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமைக்கு விலை அதிகம், வரியும் அதிகம். கோபுரக்காரர்களுக்கு ஒரு நாள் குத்தகை முடியும், அன்றைக்குக் கவுண்டி எழுந்திருங்கள் என்று சொல்லலாம். அந்த ஆபத்து அவர்கள் தலைமேல் இருக்கிறது. வித்தியாசம் நியாயமானதே.

கரையோரம்:

தம்பி, ஏட்டில் ஆபத்து. இரண்டாயிரத்து எண்பது தொண்ணூறில் முடியும் குத்தகைக்கு இப்போது வாங்குகிறவன் பயப்படுவானா? இன்று விற்பனை விலையில் அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? கடல் எந்தப் பக்கம், எத்தனையாவது மாடி, இதைத்தான் கேட்கிறார்கள். அடுத்தடுத்த கட்டடத்தில் இரண்டு பேர், ஒருவர் நிலவரி கட்ட, ஒருவர் கட்டாமல் இருக்க, இருவரும் ஆணையத்துக்குக் குத்தகைப் பணம் கட்ட. இதைச் சமம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வரியே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டில் ஒன்றை எடுங்கள் என்கிறேன். வரி வேண்டுமென்றால் குத்தகைப் பணத்தை நிறுத்துங்கள். அல்லது நிலத்தை எங்கள் பெயரில் எழுதிக் கொடுங்கள், கடைசிக் காசு வரை வரி கட்டுகிறோம்.

மணல்மேடு:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். "எழுதிக் கொடுங்கள்" என்றதும் கை துடிக்கிறது.

இதைத்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முயன்றார்கள். முதலில் அந்தத் தொகுதி உறுப்பினர் ஜெஃப் மில்லர், பிறகு 2017-ல் அவர் இடத்துக்கு வந்த மாட் கேட்ஸ் ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். 1947 பத்திரத்தின் "விற்கக் கூடாது" என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, விரும்பும் குத்தகைதாரருக்குக் கவுண்டி நிலத்தையே எழுதிக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். இரட்டைச் சுமைக்குத் தீர்வு என்று சொன்னார்கள். பொதுக் கரையும் பாதுகாப்புப் பகுதிகளும் காப்பாற்றப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த முயற்சிகள் சட்டமாகவில்லை. என் கருத்தில் அது நல்லதே.

ஏன் என்று சொல்கிறேன். இன்று கரையில் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் கவுண்டி நிலத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் "கூடாது" என்று சொல்லலாம். சொந்தமாக எழுதிக் கொடுத்த பிறகு அது வெறும் கட்டட விதி, எவரும் வழக்குப் போட்டு முறிக்கலாம். இதே ஃபுளோரிடாவில், கிழக்கே வால்டன் கவுண்டியில் பாருங்கள். அங்கே கரை வீட்டுக்காரர்கள் மணல் வரை எங்களுடையது என்று சொல்லி, நடக்க வந்தவர்களைப் போகச் சொன்னது எவ்வளவு பெரிய சண்டையானது? பொதுமக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த கரை, அதாவது வழக்கப் பயன்பாடு, என்ற வாதத்தை வைத்து உள்ளூர் அரசுகள் நீதிமன்றம் போகாமல் தாமாகவே விதி போட 2018-ல் மாநிலச் சட்டம் தடை போட்டது, 2025-ல்தான் அது நீக்கப்பட்டது. பென்சகோலா பீச்சில் அந்தச் சண்டை இல்லை, காரணம் நிலம் நம் எல்லாருடையது. வரிச் சீட்டு கசக்கிறது என்று அதைக் கொடுத்துவிட முடியுமா?

கரையோரம்:

மணல்மேடு, யாரும் தண்ணீர் ஓரத்தைக் கேட்கவில்லை. வீட்டு மனையைக் கேட்கிறோம்.

மணல்மேடு:

இன்று மனை. புயல் வந்து கரை 100 அடி உள்ளே வந்தால் மனையே தண்ணீர் ஓரம் ஆகிவிடும். சான்டா ரோசா தீவு நகரும் தீவு சார், சிமெண்ட் தளம் இல்லை.

உங்கள் முதல் யோசனைக்கு, அதாவது குத்தகைப் பணத்தை நிறுத்த வேண்டும் என்பதற்கு, நான் கை தூக்குகிறேன். அதற்கு வாஷிங்டன் போக வேண்டாம், கவுண்டி ஆணையர்களே செய்யலாம்.

பாலத்துக்கு இந்தப்பக்கம்:

நான் கை தூக்க மாட்டேன். வீடு மட்டும் வைத்திருக்கும் ஆட்களின் குத்தகைப் பணம் வரிக்கு முன்னால் சின்னத் தொகை. பழைய பத்திரங்களில் வருடத்துக்கு இவ்வளவு என்று நிலைத்த தொகையாக எழுதியிருப்பதைப் பணவீக்கம் தின்றுவிட்டது. அதைப் போய் "இரட்டைச் சுமை" என்று தூக்கிப் பிடிக்கிறார்கள். கடைக்காரர் சதவீதம் கட்டுவது வேறு கதை, அவருக்கு வேண்டுமானால் ஏதாவது செய்யுங்கள்.

கரையோரம்:

கடைசியில் கடைக்காரருக்காவது இறங்கி வந்தீர்களே.

பழைய கணக்கு சாரிடம் ஒரு உபயோகமான கேள்வி. தெரிந்தவர் ஒருவருக்குக் குத்தகை மனை இருக்கிறது. விற்ற ஏஜென்ட் "நிலத்துக்கு வரி வராது" என்று வாயால் சொன்னார், இப்போது சீட்டில் நிலமும் இருக்கிறது. அவர் பத்திரத்தில் "குத்தகைதாரர் விரும்பினால் மேலும் 99 வருடத்துக்கு, இதே நிபந்தனைகளில்" என்று இருக்கிறது. போர்ட்டோஃபினோ மாதிரி வாதாட முடியுமா?

பழைய கணக்கு:

ஏஜென்ட் வாயால் சொன்னது நீதிமன்றத்தில் நிற்காது. பத்திரத்தைப் பார்ப்போம்.

"இதே நிபந்தனைகளில்" என்பதில்தான் முடிச்சு. புதுப்பிக்கலாம் என்ற விதியும் அந்த நிபந்தனைகளில் ஒன்றா? ஆம் என்றால் இரண்டாவது 99 முடிந்ததும் மூன்றாவது வரும், அப்படியே போய்க்கொண்டிருக்கும். நவார் பக்கம் விழும், நிலவரி உண்டு. இல்லை, ஒரே ஒரு தடவைதான் என்றால் மொத்தம் 198 வருடத்தில் முடிந்துவிடும். நிலவரிக்கு எதிராக வாதம் உண்டு. முடிவில்லாத குத்தகையை நீதிமன்றங்கள் சும்மா ஊகித்துக்கொள்வதில்லை, பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது பழைய விதி. அவருக்கு அது சாதகம். ஆனால் "அடுத்தடுத்த காலங்களுக்கு" என்று பன்மையில் எங்காவது எழுதியிருந்தால் கதை மாறும். பின்னால் ஒட்டிய திருத்தப் பக்கங்களையும் படிக்கச் சொல்லுங்கள், பலர் அதை விட்டுவிடுவார்கள்.

தேதி முக்கியம். ஆகஸ்டில் வரும் உத்தேச வரி அறிவிப்பு அஞ்சலில் போட்ட நாளிலிருந்து 25 நாளுக்குள் மதிப்புச் சீராய்வுக் குழுவிடம் மனு போடலாம். நேராக நீதிமன்றம் போவதென்றால் வரிப் பட்டியல் உறுதிசெய்யப்பட்டதிலிருந்தோ, குழு முடிவு சொன்னதிலிருந்தோ 60 நாள். அதற்குள், தன் கணக்கில் நியாயம் என்று ஒப்புக்கொள்ளும் வரித் தொகையையும் கட்டியிருக்க வேண்டும். நவார் பீச்காரர்களே முன்னொரு வழக்கில் இந்த 60 நாளைத் தவறவிட்டுவிட்டு, "வரியே செல்லாது, ஆகவே கெடு எங்களுக்குப் பொருந்தாது" என்று வாதாடினார்கள். 2004-ல் உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. வரி சரியா தவறா என்ற கேள்விக்குள்ளேயே போக முடியவில்லை.

பாலத்துக்கு இந்தப்பக்கம்:

நவம்பரிலேயே கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதையும் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் அதை விட வேண்டாம்.

கரையோரம்:

அவர் பத்திரத்தில் பன்மை இல்லை, "மேலும் ஒரு 99 வருடக் காலத்துக்கு" என்றுதான் இருக்கிறது. இப்போதுதான் படம் எடுத்து அனுப்பினார். திருத்தப் பக்கம் ஒன்று இருக்கிறதாம், 1980-களில் போட்டது, தேடிக்கொண்டிருக்கிறார்.

பழைய கணக்கு:

அந்தப் பக்கம் கிடைக்கும்வரை வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் இல்லையென்றால் கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிவு இருக்கும், நகல் வாங்கலாம்.